எரிமலைத் தீவில் ஏழு நாள்: நாங்கள் போட்ட கணக்கு

தோட்டத்துச் சனங்கள் லீவு போடுவது எதற்கு? கல்யாணம், கருமாதி, தைப்பூசம், பிள்ளைக்குக் காய்ச்சல். இந்த நான்குக்கும் வெளியே லீவு போட்டவர் யாராவது உங்கள் லயத்தில் இருந்தால் எழுதுங்கள், அவர் படத்தை இந்தப் பகுதியில் போட்டுவிடலாம். "ஊர் சுத்திப் பாக்கிறதா? அதெல்லாம் கிராணி வீட்டுச் சமாச்சாரமப்பா" என்று பெரட்டுக் களத்தில் ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தலையாட்டுகிற வழக்கம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே இடத்தில் ஐந்து வருஷம் வேலை செய்துவிட்டவருக்கு வருஷத்துக்கு 16 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டு வருஷம்கூட ஆகாதவருக்கும் 8 நாள் உண்டு. அது கும்பினி போடுகிற தருமம் அல்ல, நாம் உழைத்துச் சேர்த்த நாள். அதைக் காசாக்கிக்கொள்கிறவர்களும், கேட்காமலே கரையவிடுகிறவர்களும் நம்மில்தான் அதிகம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி இரவு, சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பேச்சு எழுந்தது. மூன்று குடும்பம், எட்டுப் பேர். இந்தப் பகுதியை எழுதுகிற நாங்களும் அந்த எட்டில் சேர்த்திதான். "ஒரு தடவையாவது ஒரு வாரம் சேந்தாப்போல எங்கேயாச்சும் போயிட்டு வரணும்." ஒருவர் கேமரன் மலை என்றார். இன்னொருவர் பாலித் தீவு என்றார். காலேஜில் படிக்கிற எங்கள் வீட்டுப் பெண்தான் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கடலுக்கு நடுவே ஒரு தீவு, தீவுக்கு நடுவே எரிமலை, மலைச்சரிவெல்லாம் கரும்பு, கரும்புக்குப் பக்கத்திலே கோபுரம். "நம்மளை மாதிரியே தோட்ட வேலைக்குக் கப்பல்ல போன தமிழாளுங்க அங்கே இருக்காங்க மாமா" என்றாள். அவ்வளவுதான், கேமரன் மலை அந்த இரவோடு காணாமல் போய்விட்டது.

அந்தத் தீவுக்குப் பெயர் ரெயூனியன். மொரீசியசுக்குப் பக்கத்துத் தீவு. 1946 முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டம், ஆகவே அங்கே செலவாகிற காசு யூரோ. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், நம் மலாக்காவைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சமநிலம் என்பது கடலோரத்தில் ஒரு வளையம் மட்டுமே. சனங்கள் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் குடியிருக்கிறார்கள். உள்ளே போனால் எல்லாம் மலை. பித்தோன் தெ நேஜ் என்கிற உச்சி 3,071 மீட்டர். இது எப்போதோ அடங்கிவிட்ட எரிமலை. தென்கிழக்கே இருக்கிற பித்தோன் த லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர். இதுதான் இன்றும் கக்குகிற மலை, உலகத்திலேயே அடிக்கடி கக்குகிற எரிமலைகளில் ஒன்று. அந்தத் தீவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாகச் சேர்த்துக்கொண்டது.

காசும் சிவப்பு அட்டையும்

முதலில் காசு. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. யூரோ ஒன்று ஐந்து வெள்ளியை ஒட்டி நிற்கிறது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்தான். ஆளுக்கு மாதம் 200 வெள்ளி என்று முடிவு செய்தோம். மூன்று வருஷம் கட்டினால் ஆளுக்கு 7,200 வெள்ளி. அவரவர் பேரில், அவரவர் வங்கிப் புத்தகத்தில். "கூட்டு பிடிச்சா சீக்கிரம் சேந்திடுமே" என்று ஒருவர் ஆசை காட்டினார். கூட்டுப் பணம் பிடிப்பது 1971ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்ட காரியம். அதில் ஏமாந்தால் போலீசில் போய்ச் சொல்லவும் வாய் வராது. வேண்டாம் என்று விட்டோம். சில மாதம் கட்ட முடியாமல் போனது. ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளை விற்றுப் பாக்கியைச் சரிக்கட்டினார். அவர் சம்சாரம் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பாஸ்போர்ட். இங்கேதான் எங்களுக்கு முள் குத்தியது. வாசகர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயணம் என்றால் எல்லாரும் முதலில் ஹோட்டல் படம் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வீட்டிலே இருக்கிற எல்லாருடைய அடையாள அட்டையையும்தான். எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர் பெரியம்மா. வயது எழுபது தாண்டிவிட்டது. பதினைந்து வயதில் உளி பிடித்து, பால்மரத்திலும் பிறகு செம்பனையிலுமாக நாற்பது வருஷம் உழைத்தவர். இந்த நாட்டுத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். ஆனால் பிறப்பைப் பதிய ஆளில்லை, பதியவேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு அட்டைக்கு மலேசிய பாஸ்போர்ட் கிடையாது.

நாங்கள் இதை இரண்டாவது வருஷத்தில்தான் கண்டோம். அதுவரை பெரியம்மாவும் மாதாமாதம் 200 வெள்ளி கட்டிக்கொண்டுதான் வந்தார், அதுவும் வயசான காலத்தில் கோழி வளர்த்து, முட்டை விற்று. குடியுரிமைக்கு மனு போட்டோம். பழைய பெரட்டுப் புத்தகத்து நகல் கேட்டு, விற்றுப்போன தோட்டத்தின் ஆபீசைத் தேடி அலைந்தோம். மனு உள்ளே போயிருக்கிறது, பதில் இன்னும் வெளியே வரவில்லை. உங்கள் வீட்டில் சிவப்பு அட்டையோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், வெளிநாட்டுப் பயணம் போகிறீர்களோ இல்லையோ, மனுவை நாளைக்கே போடுங்கள். பயணத்துக்காக என்று காத்திருந்த நாங்கள் ஒரு வருஷத்தைத் தொலைத்தோம்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. ரெயூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்குள் சேர்ந்தது அல்ல. ஆகவே "ஐரோப்பாவுக்கு உள்ள விதிதானே" என்று எவரோ சொன்னதை நம்பாமல், பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதே முறை.

எந்த மாதம்?

நாங்கள் ஆகஸ்டு மாதத்தைப் பிடித்தோம். அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை குளிரும் வறட்சியும். டிசம்பர் முதல் மார்ச்சு வரை வெயிலும் மழையும் புயலும். மழை என்றால் நம்மூர் மழையை நினைக்கக் கூடாது. 1966 ஜனவரியில் ஒரு புயல் வந்தபோது ஃபோக் ஃபோக் என்கிற மலையிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலகச் சாதனை அது. மழைமானியில் அளவு எடுத்துப் பழகிய கிராணிமாருக்கு அதன் பயங்கரம் தெரியும். நம் தோட்டத்தில் மாதக்கணக்கில் பெய்கிற மழை அது, ஒரே நாளில்! தீபாவளி போனஸை நம்பி டிசம்பரில் போகலாம் என்று பேசிய பேச்சு அதோடு நின்றது.

ஆகஸ்டில் இன்னொரு லாபமும் உண்டு. கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். வெட்டுக் காலத்தில் போனால்தான் தோட்டம் தோட்டமாகத் தெரியும். பால் வடியாத மாதத்தில் பால்மரத் தோட்டத்தைப் பார்த்து என்ன பயன்?

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது?

முதலில் எழுதிய திட்டத்தை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. மொரீசியசில் இரண்டு நாள், ரெயூனியனில் ஐந்து நாள், அதற்குள் மூன்று பள்ளத்தாக்கு, எரிமலை, கடல், கடை, கோயில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற திட்டம். பெரியம்மா கேட்டார்: "இதுக்குப் பேரு லீவாடா? பெரட்டுக்கு ஓடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" அந்தத் தாளைக் கிழித்தோம். மொரீசியசை அடித்துவிட்டோம், விமானம் மாறுவதோடு சரி. விமானத்திலும் விமான நிலையத்திலுமே போக வர இரண்டு நாள் ஓடிவிடும் என்பதால், 16 நாள் லீவில் ஒன்பதை எழுதிக் கேட்டிருக்கிறோம். தீவில் கால் ஊன்றி நிற்க முழுசாக ஏழு நாள்.

மலைத் தீவில் திட்டம் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது என்பது. சிலாவோஸ் என்கிற மலையூருக்குப் போகும் சடக்கில் நானூறுக்கு மேல் வளைவு இருக்கிறது. வாந்தி வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நானூறு வளைவு! மஃபாத் என்கிற பள்ளத்தாக்குக்குச் சடக்கே கிடையாது. சில நூறு பேர் அங்கே குடியிருக்கிறார்கள், நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அரிசி மூட்டையும் ஹெலிகாப்டரில்தான் இறங்குகிறது. அந்தப் பெயர், தோட்டத்து எஜமானிடமிருந்து தப்பி ஓடி மலைக்குள் ஒளிந்து வாழ்ந்த ஓர் அடிமைத் தலைவனுடைய பெயர் என்கிறார்கள். எங்கள் இளவட்டங்கள் இரண்டு பேர் அங்கே நடந்து போய் ஓர் இரவு தங்குவதாக ஒற்றைக்காலில் நின்றார்கள். சரி, அவர்கள் இரண்டு பேர் மட்டும் போகட்டும். மற்றவர்கள் மாயிதோ என்ற மலை விளிம்பிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும். ஒன்பது பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிட்டால், வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சிலாவோஸை விட்டுவிட்டோம். பதிலாக சலாசி. மூன்று பள்ளத்தாக்கிலும் பச்சை அதிகம் அங்கேதான், வழி நெடுக அருவி. சௌசௌக்காய்ப் பந்தலுக்குப் பேர்போன ஊர். மார்க்கெட்டில் லாபு சியாம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே காய்தான்.

எரிமலைக்கு மட்டும் இரண்டு நாளை ஒதுக்கியிருக்கிறோம். ஏன் இரண்டு? மலை நம் லீவுக்குக் காத்திருக்காது. வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை கக்குவது அதற்குச் சகஜம். கக்கத் தொடங்கினால் உட்பக்கப் பாதையை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் மேகம் மூடிவிடலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. மலையடியில் ப்ளேன் தெ காஃப்ர் என்ற மேட்டுநிலத்தில் இரண்டு இரவு தங்கல். அங்கிருந்து விடியுமுன்னே வேனில் கிளம்பினால், செடிகொடி ஒன்றுமில்லாத கருமணல் வெளியைத் தாண்டி, பா த பெல்கோம்ப் என்ற விளிம்புக்குப் போய்ச் சேரலாம். அந்த விளிம்பு 2,311 மீட்டர். நம் தஹான் மலை உச்சி 2,187 மீட்டர்தான். தஹான் உச்சியைவிட உயரத்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுகிறோம்! ஆகஸ்டு விடியலில் அங்கே குளிர் எலும்பைத் தொடும். தைப்பூசத்துக்குப் போடுகிற மெல்லிய சட்டையோடு போய் நின்றால் அவ்வளவுதான். பழைய துணிக் கடையில் எட்டுக் குளிர்ச்சட்டை வாங்கி வைத்தாயிற்று.

பயம் வேண்டியதில்லையா என்று கேட்பீர்கள். அந்த மலை பெரும்பாலும் குண்டுபோல வெடிக்கிற ரகமல்ல, பொங்கி வழிகிற ரகம். வழிகிற குழம்பும் பெரும்பாலும் ஆள் குடியிருக்காத ஒரு பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் விழும். எப்போதும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. 1977 ஏப்ரலில் பித்தோன் செயின்ட் ரோஸ் என்ற கிராமத்துக்குள் குழம்பு புகுந்தது. வீடுகளை எரித்துக்கொண்டு வந்து, மாதா கோவிலைச் சுற்றி வளைத்து, வாசலோடு நின்றுபோயிற்று. அந்தக் கோவிலை இன்றும் போய்ப் பார்க்கலாம், கருங்கல்லாய் உறைந்த குழம்பு பக்கத்திலேயே கிடக்கிறது. அதற்குப் பிறகுதான், 1979இல், மலையைக் காவல் பார்க்க ஆய்வு நிலையம் வைத்தார்கள். 2007 ஏப்ரலில் வந்த பெரிய பொங்கலில் உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து விழுந்தது. ஆகவே விதி ஒன்றுதான்: கேட்டைப் பூட்டியிருந்தால் தாண்டக் கூடாது. இளவட்டங்களுக்கு இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறோம், விமான நிலையத்தில் நாலாவது தடவையும் சொல்வோம்.

நம்மவர் இறங்கிய துறை

எல்லாரும் ஒரே குரலாகக் கேட்டது ஒரே ஓர் இடம்தான். கிராந்த் ஷலூப். தலைநகர் செயின் தெனிக்கு மேற்கே, கடலோரத்தில், மலையிடுக்கில் இருக்கிற ஒரு சிறு துறை.

கதை இதுதான். 1848 டிசம்பர் 20ஆம் நாள் அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. சுமார் 60,000 பேர் விடுதலையானார்கள். விடுதலையானவன் மறுபடி அதே எஜமானின் கரும்புக்குள் போவானா? கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துரைமார் கண் நம்மூர்ப் பக்கம் திரும்பியது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். கப்பலில் காலராவோ அம்மையோ இருக்கும் என்று, இறங்கினவர்களை நேரே ஊருக்குள் விடாமல் கிராந்த் ஷலூப்பில் கட்டிய தனிக் கொட்டடிகளில் அடைத்து வைத்தார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் நம் பாட்டன் பூட்டனை இறக்கி வைத்தார்களே, அதே மாதிரி. அங்கே நடந்த கொடுமைகள் வெளியே தெரியவந்து, 1882இல் வெள்ளைக்கார சர்க்கார் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. நம் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கொட்டடியை இப்போது பழுதுபார்த்து, சனங்கள் வந்து பார்க்கிற இடமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு முழு நாள். வேறு எதையும் அந்த நாளில் சேர்க்கவில்லை.

அந்தச் சனங்களின் பிள்ளைகள் இன்று தீவு முழுக்க இருக்கிறார்கள். மல்பார் என்று அவர்களுக்குப் பேர். வீட்டுப் பேச்சு கிரியோல், பள்ளிப் பேச்சு பிரெஞ்சு, தமிழ் பெரும்பாலும் கோவிலோடு நின்றுவிட்டது. ராமசாமி 'ரமஸ்ஸமி' ஆகிவிட்டார். செயின் ஆந்த்ரே நகரத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் ழான் போல் விராப்புல்லே. அந்தப் பெயரை இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், உள்ளே நம் வீரப்பிள்ளை ஒருவர் நிற்பது தெரியும். தீமிதி உண்டு, காவடி உண்டு, செயின் ஆந்த்ரேயில் தீபாவளி ஊர்த் திருவிழாவாகவே நடக்கிறது. தமிழில் பேசி அவர்களோடு பழகிவிடலாம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவோம். எங்கள் பெண் பத்து பிரெஞ்சு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். செம்பனை லாரி ஓட்டுகிற எங்கள் தம்பி, குலை ஏற்றும்போதெல்லாம் "போன்ழூர், போன்ழூர்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வேன் ஓட்டப்போவதும் அவர்தான். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம். அனைத்துலக லைசென்சை இங்கேயே ஜேபிஜேயில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மலைப்பக்கமே போவதில்லை, கடலோரத்தில் ஓட்டிக் கை பழகட்டும்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தீவுக்காரர்களும் சோறு தின்கிற சனங்கள். கறிக்குக் 'கரி' என்றே பேர், மசாலாவுக்கு 'மசாலே', 'ருகாய்' என்று தொட்டுக்கொள்கிறார்களே, அது நம் ஊறுகாயிலிருந்து போன வார்த்தை என்கிறார்கள். முருங்கைக் கீரையை 'முரூங்' என்று சொல்லிச் சந்தையில் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாகச் சட்டிபானையோடு கடலோரத்துக்கும் மலைக்கும் போய், அடுப்பு மூட்டிச் சமைத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்களாம். ஆகவே குசினி உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்குப் பேசியிருக்கிறோம். ஹோட்டல் சாப்பாடு இரண்டே வேளை.

கடல் குளியல் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. சுறா ஆள்களைத் தாக்கியதால் 2013லிருந்து கண்ட இடத்தில் கடலில் இறங்கத் தடை. எர்மித்தாஜ், செயின் லூ பக்கம் பவளப்பாறை அணைபோட்டிருக்கிற ஆழமில்லாத நீரில் குளிக்கலாம். செயின் லூவிலேயே மூடிப்போன ஒரு பெரிய சர்க்கரை ஆலையைக் காட்சிசாலையாக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்தெல்லா மதுதீனா என்று பேர். கரும்பு பிழிந்த பழைய இயந்திரமெல்லாம் அங்கே நிற்கிறது. கடலும் ஆலையும் சேர்ந்து ஒரு நாள்.

ஏழாம் நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை. தாளில் வெறுமனே விட்டிருக்கிறோம்.

டிக்கெட்டை பிப்ரவரி கடைசிக்குள் எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் விலை ஏறும். பெரியம்மாவிடம் கேட்டோம், மனுவுக்குப் பதில் வரும்வரை எல்லாருமாக நிறுத்தி வைப்போமா என்று. "என் ஒருத்திக்காக ஏன் நிக்கிறீங்க? நீங்க போங்க. அந்த முருங்கை நம்ம முருங்கைதானான்னு தின்னு பாத்திட்டு வந்து சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் முட்டை விற்ற காசில் தன் 200 வெள்ளியைக் கொண்டுபோய் வங்கியில் போட்டுவிட்டு வந்தார். எங்கள் நோட்டில் இப்போது இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எட்டுப் பேர் கணக்கு, எதிர்ப்பக்கத்தில் ஏழு பேர் கணக்கு.